கூரை 'டிக்ளைன்' ஆகுமா? கொஞ்சங் கொஞ்சமா மோசமாகுறத இங்கிலிஷ்ல எப்புடி எழுதுறது

லயத்துமகள் (தலவாக்கலைப் பக்கம்)

வணக்கம் எல்லாருக்கும். ஒரு வார்த்தையப் பத்திக் கேக்கணும், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க. எங்க லயத்துல (தேயிலைத் தோட்டத்து ஆளுங்க இருக்குற வரிசை வீடு) பன்னெண்டு காம்பரா, அதாவது அறை, எல்லாத்துக்கும் சேத்து ஒரே தகரக் கூரை, அஞ்சு காம்பராவுக்கு மேலதான் ரொம்ப மோசம். தகரம் எங்கெங்க ஆணி அடிச்சிருக்கோ அங்கெல்லாம் துரு ஏறி, ஓட்டை பெருசாகி, இப்ப வெரல உள்ள விடலாம், தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. காத்துக்குப் பறக்காம இருக்க மேல கல்லு வச்சிருக்கோம், மழை வந்தா எந்த எடத்துல எந்தச் சட்டி வைக்கணும்னு எங்க அம்மாச்சிக்கு இருட்டுலயும் தெரியும். ஒரே நாள்ல ஆனதில்ல, வருசா வருசம் கொஞ்சங் கொஞ்சமா ஆனது.

லயத்துல ஏஎல் வரைக்கும் படிச்சது நான்தான்ங்கிறதால புதுத் தகரம் கேட்டு தோட்ட ஆபீஸுக்குக் கடுதாசி எழுதுற வேலை என்னோடது. "அவர் ரூஃப் இஸ் டிக்ளைனிங் டே பை டே"ன்னு எழுதிக் குடுத்தேன். டிக்ஷனரில டிக்ளைன்னா வீழ்ச்சி, நலிவுன்னுதான் போட்டிருக்கு. ஆபீஸ்ல கிளாக்கரய்யா ரெண்டு தடவ வாசிச்சிட்டு "யாரு எத வேணாம்னு சொன்னாங்க"ன்னு கேட்டாரு. கேலி பண்ணல, அவருக்கு நெசமாவே வெளங்கல. கடுதாசி என் கையிலயே திரும்பி வந்திருச்சு. அந்தக் கடுதாசிய நம்பித்தான் பன்னெண்டு குடும்பம் இருக்கு, அதனால திரும்பத் தப்பு விட ஏலாது. எந்த வார்த்தைய எங்க போடணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன்பொடியன்

டிக்ளைன்னா மறுக்கிறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்குக்கா. "அவங்க எங்க கோரிக்கைய டிக்ளைன் பண்ணிட்டாங்க"ன்னு வரும்ல, அதான் அவருக்குக் கொழம்பியிருக்கும். நான் ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலிஷ் பரீட்சைக்குக் கிளாஸ் போறேன், எங்க சேர் ஒரு லிஸ்ட் குடுத்தாரு, டிக்ளைன், டிக்ரீஸ், ட்ரொப், ஃபோல், ட்விண்டில், டிட்டீரியரேட், வர்சன், எல்லாம் ஒரே அர்த்தம், மாத்தி மாத்தி எழுதுனா மார்க்ஸ் கூடும்னு சொன்னாரு. நீங்க டிட்டீரியரேட் போடுங்க.

ராகலை டீச்சர்

மகள், மொதல்ல நீங்க எழுதுனது நூத்துக்கு நூறு தப்புன்னு நெனைக்காதீங்க. டிக்ளைன் லத்தீன்ல சாயுறதுங்கிற வேர்ச்சொல்லுல இருந்து வந்தது, அர்த்தத்த நீங்க சரியாத்தான் புடிச்சிருக்கீங்க, சேர்க்கை மட்டும் பெசகிருச்சு.

தம்பி, உங்க சேர் மேல மரியாதையோடதான் சொல்றேன், "எல்லாம் ஒரே அர்த்தம்"ங்கிற அந்த ஒரு வரிதான் நம்ம புள்ளைகள அதிகமாக் கெடுக்குது. முப்பது வருசம் இங்கிலிஷ் படிச்சுக் குடுத்தவ நான், ஒவ்வொரு பேப்பர் திருத்தையிலயும் இதே தப்பத்தான் பாத்தேன்.

தமிழ்ல யோசிச்சுப் பாருங்க. சோறு ஊசிப்போகும், மரம் உளுத்துப்போகும், துணி இத்துப்போகும், எலை மக்கிப்போகும், கத்தி மழுங்கும், கெணறு வத்தும், நெறம் மங்கும், ஒடம்பு தளரும். எல்லாமே கெட்டுப்போறதுதான், ஆனா "சோறு உளுத்துப்போச்சு"ன்னு நம்ம வீட்டு மூணு வயசுப் புள்ள கூடச் சொல்லாது. அது லிஸ்ட் பாத்துப் படிக்கல, அம்மா சோத்துப் பானைய மோந்து பாத்துட்டு "ஊசிப்போச்சுடி"ன்னு சொன்னதக் கேட்டுப் படிச்சுது. இங்கிலிஷும் அதே மாதிரிதான். வார்த்தைய மட்டும் தனியாப் படிக்காம கெட்டுப்போற பொருளோட சேத்துப் படிக்கணும்.

எண்ணிக்கை, அளவு, செல்வாக்கு கொறைஞ்சா டிக்ளைன். ஒடம்பு தளர்றதுக்கும் அதப் போடலாம். ஆனா கூரை, ரோட்டு, பாலம் மாதிரித் தொட்டுப் பாக்கக்கூடிய பொருளுக்கு அது பொருந்தாது, அங்க டிட்டீரியரேட். லத்தீன்ல டெட்டீரியர்னா இன்னும் மோசமானதுன்னு அர்த்தம், அதாவது தரம் கெடுறது. அதனால எண்ணிக்கைக்கு டிட்டீரியரேட் வராது. "த நம்பர் ஒஃப் வேர்க்கர்ஸ் டிட்டீரியரேட்டட்"னு எழுதுனா ஆளுங்க அழுகிப்போன மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, அத அஞ்சு அசையாச் சொல்லணும், டி-டீ-ரி-ய-ரேட். நடுவுல ஒண்ண முழுங்கி "டிட்டீரியேட்"னு சொல்லிப் பழகுறவங்க எழுதையிலயும் முழுங்கிடுறாங்க.

ஹட்டன்பொடியன்

டீச்சர் இது ரொம்ப நல்லா வெளங்குச்சு. அப்ப ட்விண்டில் எதுக்கு?

ராகலை டீச்சர்

கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான் ட்விண்டில். கொஞ்சங் கொஞ்சமாக் கொறைஞ்சு கொறைஞ்சு ஒண்ணுமில்லாத எடத்துக்குப் பக்கத்துல போயிறது. சேமிப்பு, அரிசி, ஆள் எண்ணிக்கை, நம்பிக்கை, இதுக்கெல்லாம் வரும். ஒரே ராத்திரியில கொறைஞ்சா ட்விண்டில் இல்ல. கொறையிறது மெதுவா நடக்கணும், அதப் பாத்துக்கிட்டே இருக்கிற ஆளுக்கு ஒரு கவலையும் இருக்கணும்.

மஸ்கெலியாக்காரன்

தண்ணியப் பத்தி நான் ஒண்ணு சொல்றேன். எங்க ஊருல மவுசாகலை நீர்த்தேக்கம் இருக்குல்ல, அது கட்டையில பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள்ள போச்சு, கடுமையா வெயில் அடிக்கிற வருசம் தண்ணி எறங்கி எறங்கி பழைய கோயில் தலைய வெளிய காட்டும், சனம் எல்லாம் சேத்துல நடந்து போய்ப் பாப்பாங்க. அப்ப பேப்பர்ல "த வோட்டர் லெவல் ஹேஸ் ரிஸீடட்"னு போட்டிருந்தாங்க, நான் மொதல்ல ரிசீட்டு துண்டுன்னு நெனைச்சிட்டேன், அப்புறந்தான் பின்னால போறதுன்னு அர்த்தம்னு ஒருத்தர் சொன்னாரு, கரையில நின்னு பாத்தா தண்ணி நெசமாவே நம்மள விட்டுப் பின்னால போற மாதிரித்தான் இருக்கும். அன்னைக்கில இருந்து அந்த வார்த்தை எனக்கு மறக்கவே இல்ல. வெள்ளம் வடிஞ்சாலும் அதுவா டீச்சர்?

ராகலை டீச்சர்

வடிஞ்சாலும் ரிஸீட் போடலாம், சப்சைட்டும் போடலாம். ஆனா சப்சைட்ல ஒரு கவனம் வேணும். வெள்ளம், வலி, கோவம், காய்ச்சல் சப்சைட் ஆனா அது நல்ல சேதி, தணிஞ்சிருச்சுன்னு அர்த்தம். நெலம் சப்சைட் ஆனா கெட்ட சேதி, தரை உள்வாங்குதுன்னு அர்த்தம். நம்ம மலையில ரெண்டுமே நடக்குறதால ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கணும். 2014 அக்டோபர்ல கொஸ்லந்தை மீரியபெத்தையில மண்சரிவு வந்தப்ப எல்லாரும் லேண்ட்ஸ்லைடுன்னு படிச்சோம். அது நிமிசத்துல நடக்குறது. சப்சைட் ஆகுறது, இரோட் ஆகுறது எல்லாம் மெதுவா நடக்குறது, சொவர்ல விரிசல் வந்து நாள்பட நாள்பட அகலமாகுறப்ப எழுத வேண்டியது.

இரோடுக்கு நம்மகிட்ட மண்ணரிப்புன்னு அச்சு அசலா வார்த்தை இருக்கு. லத்தீன்ல ரோதெரேன்னா கொறிக்கிறது, எலிக்கு ரோடண்ட்னு பேர் வந்ததும் அதே வேர்ச்சொல்லுல இருந்துதான். எலி தேங்காயக் கொறிக்கிற மாதிரி மழை மண்ணக் கொறிக்குதுன்னு நெனைச்சுக்கங்க. காணு (தண்ணி வடியிற வாய்க்கால்) வெட்டாத மலையில ஒரு மழைக்குத் தண்ணி எப்புடிச் செவப்பா ஓடி வரும்னு பாத்தவங்களுக்கு இதுக்கு மேல வெளக்கம் வேணாம். நம்பிக்கைக்கும் இரோட் போடலாம், "ட்ரஸ்ட் ஹேஸ் இரோடட்"னு எழுதலாம்.

லயத்துமகள்

டீச்சர், எங்க ஊரு சென் கிளயார் அருவிக்கு எதப் போடலாம்? மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்ததுக்கப்புறம் தண்ணி முன்ன மாதிரி இல்ல. அம்மாச்சி சொல்லுவாங்க, அந்தக் காலத்துல சத்தம் ரோட்டு வரைக்கும் கேக்குமாம்.

ராகலை டீச்சர்

"ரிடியூஸ்ட் டு அ ட்ரிக்கிள்"னு ஒரு வழக்கு இருக்கு மகள். ட்ரிக்கிள்னா நூல் மாதிரி வடியிற தண்ணி. ஆத்துக்கும் பீலித் தண்ணிக்கும் பொருந்தும். நாள்பூரா அப்புடி இருந்தா மட்டும் போடுங்க, தண்ணி தொறந்து விடுற நேரத்துல வந்து பாத்தவன் இல்லேன்னுருவான்.

நர்ஸக்கா

டிட்டீரியரேட் பத்தி ஒண்ணு சொல்லணும், இது நெசமா என் மனசுல கெடந்து உறுத்துறது. நான் வேலை செஞ்ச ஒரு ஆஸ்பத்திரியில, தோட்டத்துல இருந்து வந்த ஒரு அய்யாவோட மகன்கிட்ட டொக்டர் "யுவர் ஃபாதர்ஸ் கண்டிஷன் இஸ் டிட்டீரியரேட்டிங்"னு சொன்னாரு. அந்தப் பொடியன் தலைய ஆட்டுனான். ட்ரீட்மெண்ட் நடக்குதுன்னு நெனைச்சு வீட்டுக்கு ஃபோன் போட்டு "டொக்டர் பாத்துட்டாரு, பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் ஓடிப் போய்த் தமிழ்ல சொன்னேன், "தம்பி, ஒடம்பு மோசமாகிட்டே போகுது, அம்மாவ வரச் சொல்லு". அந்த அம்மா கொழுந்துக் கூடைய மலையிலயே போட்டுட்டு ஓடி வந்தாங்க. வந்து கையப் புடிச்சாங்க, அவருக்கும் அப்ப நெனைவு இருந்துச்சு.

அதனால லயத்துல இருக்குற எல்லாருக்கும் இந்த ஒரு வார்த்தையையாவது சொல்லி வைங்க. ஆஸ்பத்திரியில "ஸ்டேபிள்"னா அப்புடியே இருக்கு, "இம்ப்ரூவிங்"னா தேறி வருது, "டிட்டீரியரேட்டிங்", "வர்சனிங்"னா மோசமாகுது. வெளங்கலன்னா தலைய ஆட்டாதீங்க, திரும்பக் கேளுங்க.

லயத்துமகள்

அக்கா இத வாசிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத ஏலாமப் போச்சு. எங்க லயத்துல எல்லாருக்கும் சொல்றேன்.

ஹப்புத்தளை மலையாளு

நான் காடு சம்பந்தமான ஆளு, அடிக்கடி ஹோட்டன் சமவெளிக்குப் போறவன். அங்க மரம் சாகுறதுக்கு ஒரு தனி வார்த்தை இருக்கு, டைபேக். மரம் நுனியில இருந்து காஞ்சு, கெளை கெளையாச் செத்து, கீழ எறங்கி எறங்கிக் கடைசியா முழு மரமும் சாம்பல் நெறத்துல நிக்கும், விழாது, அப்புடியே நிக்கும். இத ரொம்ப வருசமா ஆராய்ச்சி பண்றாங்க, காத்துல கலந்த அழுக்கு, மண்ணுல சத்து மாறுனது, வறட்சின்னு பல காரணம் பேசுறாங்க. அந்த மரத்துக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தா, உச்சி மொட்டை, நடுவுல பாசி, அடியில மட்டும் பச்சை. மேல இருந்து கீழ சாகுறத ஒரே சொல்லுல அடக்கியிருக்காங்க பாருங்க.

தேயிலைச் செடிக்கு இது வேற. கவ்வாத்து வெட்டையில பழைய செடியோட நடுத்தண்டு உள்ளுக்குள்ள கோறையாகி, கத்தி பட்டதும் பொடியாக் கொட்டும். வெளிய பாத்தா எலை இருக்கும், உள்ள உளுத்திருக்கும். அது டிக்கே. சரிதானே டீச்சர்?

ராகலை டீச்சர்

ரொம்பச் சரி. பல்லு, மரம், எலை, செத்த ஒடம்பு எல்லாத்துக்கும் டிக்கே. லத்தீன்ல விழுறதுங்கிற வேர்.

பழைய கிளாக்கர்

எல்லாரும் வார்த்தையோட அழகப் பேசுறீங்க, சந்தோசம். நான் ஒரு தோட்ட ஆபீஸ்ல இருவத்தாறு வருசம் கடுதாசி வாங்கி ஃபைல்ல போட்டவன், அதனால வேற ஒண்ணு சொல்றேன். கொளந்த, கடுதாசிய வாசிக்கிறவர் மொதல்ல தேடுறது "இது யாரு செலவு"ங்கிறதத்தான். நீங்க போடுற வார்த்தை அதுக்குப் பதில் சொல்லிரும், உங்களுக்குத் தெரியாமலே.

"வெயார் அண்ட் டெயார்"னு எழுதிராதீங்க. கேக்க நல்லா இருக்கும், ஆனா அதுக்கு அர்த்தம் பாவிச்சுப் பாவிச்சுத் தானாத் தேஞ்சது, யாரு மேலயும் தப்பில்லங்கிறது. உங்க கையாலயே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். "டிலாப்பிடேட்டட்" போட்டா கட்டடம் இடிஞ்சு விழுற நெலமைன்னு அர்த்தம், அத அஞ்சு காம்பராவுக்குப் போட்டா, வந்து பாக்குறவர் மத்த ஏழு காம்பரா நல்லாத்தானே இருக்குன்னு திரும்பிப் போயிருவாரு.

ராகலை டீச்சர்

கிளாக்கரய்யா சொன்னது நான் சொன்னது எல்லாத்தையும் விட முக்கியம். இந்த எடத்துக்கு "ஃபோலன் இண்டு டிஸ்ரிப்பெயார்"னு ஒரு தொடர் இருக்கு. ரிப்பெயார் பண்ணாம விட்டதால கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். யாரையும் திட்டல, ஆனா பாத்திருக்க வேண்டியத யாரும் பாக்கலன்னு அதுலயே வந்துரும். "நெக்லெக்ட்" போட்டா நேராக் குத்தம் சொல்றது.

ஹட்டன்பொடியன்

நேராவே சொன்னா என்ன டீச்சர்? நெக்லெக்ட்தானே நடந்துச்சு. 1948ல நம்ம தோட்டத்து ஆளுங்களோட குடியுரிமைய எடுத்தாங்க, 1972லயும் 75லயும் தோட்டத்த அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல நிர்வாகத்தக் கம்பனிகளுக்குக் குடுத்தாங்க, கை மாறுனது எல்லாம் மாறுச்சு, லயம் மட்டும் மாறல. எல்லாத்துக்கும் நாமதான் பதமா எழுதணுமா?

பழைய கிளாக்கர்

தம்பி உங்க கோவம் நியாயம். ஊர்வலத்துக்கு எழுதுற நோட்டீஸ்னா நெக்லெக்ட்னு பெருசாப் போடுங்க, நானும் வந்து நிப்பேன். இது தகரம் கேட்டு எழுதுற கடுதாசி. தகரம் வரணும்.

ஹட்டன்பொடியன்

சரிங்க அய்யா. இன்னும் ஒண்ணு கேட்டுக்கிறேன், எனக்கு க்ராஃப் எழுதுற கேள்வி வரும். தேயிலை உற்பத்தி 2021ல கிட்டத்தட்ட 299 மில்லியன் கிலோ, 2022ல கிட்டத்தட்ட 251. ரசாயன ஒரத்தத் தடை பண்ணுனதோட பாதிப்பு. இதுக்கு ட்விண்டில் வருமா?

ராகலை டீச்சர்

வராது, ஒரே வருசத்துல விழுந்தது ட்விண்டில் இல்ல. "ஃபெல் ஷார்ப்லி" இல்லன்னா "அ ஸ்டீப் டிக்ளைன் இன் டீ ப்ரொடக்ஷன்". அந்த 'இன்' முக்கியம். அடுத்தது 'பை', 'டு' ரெண்டையும் கொழப்பிக்காதீங்க. "ஃபெல் பை 48 மில்லியன்"னா கொறைஞ்ச அளவு, "ஃபெல் டு 251 மில்லியன்"னா வந்து நின்ன எடம். இதுல மாத்திப் போட்டா வார்த்தை எவ்வளவு பெருசா இருந்தாலும் கணக்கு தப்பு.

மெதுவா விழுறதுக்கும் சடார்னு விழுறதுக்கும் வித்தியாசம் பாக்கணும்னா நம்ம மலையில தேயிலைக்கு முன்ன இருந்த கோப்பிப் பயிர்க் கதைய எடுங்க, நான் கிளாஸ்ல அதத்தான் எடுப்பேன். 1869ல மடுல்சீமைப் பக்கம் கோப்பி எலையில மஞ்சளாத் துரு மாதிரிப் பொடி தெரிஞ்சுது. அதோட விஞ்ஞானப் பேர் ஹெமிலியா வாஸ்டட்ரிக்ஸ், வாஸ்டட்ரிக்ஸ்னா பாழாக்குறவ, டிவாஸ்டேட்ங்கிற வார்த்தையும் அதே வேர்தான். மொதல்ல தொரைமாரு அத அவ்வளவாக் கணக்குல எடுக்கல, புதுக் காடுகள வெட்டி நட்டுக்கிட்டே போனாங்க. ஆனா பழைய மலையில ஏக்கருக்கு வந்த வெளைச்சல் வருசா வருசம் கொறைஞ்சுது, அந்த எடத்துக்குத்தான் ட்விண்டில். 1880கள்ல தொழிலே படுத்துருச்சு, 1884ல ஓரியண்டல் பாங்கும் மூடுச்சு, அந்த எடத்துக்கு கொலாப்ஸ். ஒரே கதையில ரெண்டு வார்த்தை, ரெண்டுக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு வருசம்.

மஸ்கெலியாக்காரன்

அந்தப் பத்துப் பதினஞ்சு வருசத்துல சம்பளம் இல்லாம எத்தன ஆளுங்க நடந்தே திரும்பிப் போயிருப்பாங்க, அத எந்த வார்த்தையில எழுதுறதுன்னு தெரியல.

நர்ஸக்கா

ஆமா.

லயத்துமகள்

திருத்தி எழுதிட்டேன், பாருங்க.

"த ரூஃப் ஒஃப் அவர் லைன் இஸ் டிட்டீரியரேட்டட் சின்ஸ் 2019 அண்ட் ஹேஸ் ஃபோலன் இண்டு டிஸ்ரிப்பெயார். இன் ஃபைவ் ஒஃப் த ட்வெல்வ் ரூம்ஸ் த ஷீட்ஸ் ஆர் ரஸ்டட் த்ரூ. த லீக் எக்ஸாசர்பேட்ஸ் எவ்ரி மொன்சூன்."

இன்னும் மூணு காம்பராவுல சிறுசா ஒழுகுது, அதச் சேக்கவா வேணாமா?

பழைய கிளாக்கர்

சேருங்க, ஆனா தனி வரியா. அஞ்சு ஓட்டை, மூணு ஒழுக்கு. ரெண்டையும் சேத்து எட்டுன்னு போடாதீங்க, வந்து எண்ணிப் பாப்பாங்க. காம்பரா நம்பரையும் எழுதுங்க.

ராகலை டீச்சர்

நல்லா வந்திருக்கு மகள். ரெண்டு எடம் மட்டும். சின்ஸ் வந்தா 'இஸ்' வராது, "ஹேஸ் டிட்டீரியரேட்டட் சின்ஸ் 2019", நடுவுல "ஸ்டெடிலி"யும் போடுங்க, விடாம மோசமாகிட்டே வருதுன்னு அர்த்தம் வரும். அடுத்தது எக்ஸாசர்பேட் தன்னால நிக்காது, ஒண்ணு இன்னொண்ண மோசமாக்கணும், ஏற்கனவே மோசமா இருக்கிறத இன்னும் மோசமாக்கணும். லீக் தானா எக்ஸாசர்பேட் ஆகாது, மொன்சூன்தான் லீக்க எக்ஸாசர்பேட் பண்ணும். எனக்குக் கேட்டா அந்தப் பெரிய வார்த்தையே வேணாம், "ஈச் மொன்சூன் மேக்ஸ் த லீக் வர்ஸ்". உங்க ஆபீஸ் கிளாக்கரய்யா ஒரே தடவ வாசிச்சாப் போதும்.

லயத்துமகள்

சரி டீச்சர். மாத்திட்டேன், ஒரு ஒழுக்கு இல்லைங்கிறதால "லீக்ஸ்"னு போட்டுட்டேன். நாளைக்குக் காலையில பெரட்டு (வேலைக்கு ஆளுங்க கூடுறது) கலைஞ்சதும் அம்மாச்சியக் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்குப் போறேன். காம்பரா நம்பர் 2, 3, 7, 8, 11. எங்களோடது 7.